நகரத்துக்கு நாம் போனோமா, நகரம் நம்மிடம் வந்ததா?

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த பிறகு ஆறாம் படிவ வகுப்புகளில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பாடத் தேர்வுப் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர்கள் தயங்கி நிற்பார்கள். பெங்காஜியான் அம் கட்டாயம். மலாய் மொழி எடுத்தாயிற்று, வரலாறு எடுத்தாயிற்று. நான்காவது பாடம் எது? "புவியியல் எடுக்கலாமே" என்று சொன்னால் பாதி முகங்கள் சுருங்கிவிடும். "மலை, ஆறு, மேகம் எல்லாத்தையும் மறுபடியும் மனப்பாடம் பண்ணணுமா டீச்சர்?" என்று ஒருவர் கேட்பார். "படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று அவருடன் வந்த பெற்றோர் கேட்பார்.

இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இரண்டுமே ஒரு தவறான எண்ணத்தின் மேல் நிற்கின்றன. படிவம் 1 முதல் 3 வரை எல்லாருக்கும் கட்டாயமாக இருக்கும் புவியியல், படிவம் 4-இல் விருப்பப் பாடமாகிவிடுகிறது. பெரும்பாலான மாணவர்கள் அங்கேயே அதற்கு விடை கொடுத்துவிடுகிறார்கள். அதனால், பதினைந்து வயதில் கண்ட புவியியலையே முழுப் புவியியல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆறாம் படிவத்தில் காத்திருக்கும் மானிடப் புவியியல் முற்றிலும் வேறு பாடம். மனிதர்கள் ஏன் ஓரிடத்தில் வாழ்கிறார்கள், ஏன் பெயர்கிறார்கள், ஓர் ஊர் எப்படி உருவாகிறது, எப்படி அழிகிறது, நிலத்தை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கேட்கும் பாடம் அது. நம் மாணவர்கள் அதிகம் ஒதுக்கும் பாடங்களில் ஒன்றான இது, அவர்களுடைய வாழ்க்கைக்கு மிக நெருக்கமான பாடமும்கூட என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

தோட்டம் இல்லாத தோட்டப்பள்ளி

சுபாங் ஜெயாவில் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. சுற்றிலும் கடைவீடுகள், மாடி வீடுகள், நெரிசலான சாலைகள். பள்ளியின் பெயரோ சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி. தோட்டம் எங்கே என்று தேடினால் ஒரு ரப்பர் மரம்கூடக் கண்ணில் படாது. ஷா ஆலமிலும் இப்படித் தோட்டப் பெயரைச் சுமந்து நகரின் நடுவில் நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. நாள்தோறும் அந்த வழியே போகிறவர்களில் எத்தனை பேர் இதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டிருப்போம்?

மானிடப் புவியியல் படிப்பவருக்கு அந்தப் பெயர்ப்பலகை ஒரு சான்று. இன்று சுபாங் ஜெயா என்று அழைக்கப்படும் நிலம் ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். 1970-களில் அங்கே வீடமைப்புத் திட்டம் தொடங்கியது. தோட்டம் போனது, பெயர் பள்ளியில் தங்கிவிட்டது. புத்ராஜெயாவின் கதையும் அப்படிப்பட்டதுதான். முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் வீரர்கள் தொடங்கிய தோட்டம் என்பதால் அதற்கு 'பிராங் பெசார்', அதாவது பெரும்போர், என்று பெயர் வந்தது. 1999-இல் பிரதமர் அலுவலகம் அங்கே குடிபெயர்ந்தபோது அது நாட்டின் நிர்வாக மையமாகிவிட்டது. அங்கிருந்த தோட்டங்களின் மக்கள் டெங்கில் பகுதிக்கு மாற்றப்பட்டார்கள்.

இன்னும் ஒரு படி பின்னால் போவோம். தோட்டங்கள் ஏன் அந்த இடங்களில் இருந்தன? நம் மக்கள் ஏன் தெற்குக் கெடாவிலிருந்து ஜொகூர் வரை மேற்குக் கரையோரம் ஒரு பட்டை போலக் குடியேறினார்கள்? கிளந்தானிலும் திரெங்கானுவிலும் ஏன் மிகக் குறைவு? விடை ஈயத்திலும் தண்டவாளத்திலும் இருக்கிறது. 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கும், மறு ஆண்டு கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையிலும், 1891-இல் சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கும் ரயில் பாதைகள் திறக்கப்பட்டன. எல்லாமே ஈயச் சுரங்கங்களிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் பாதைகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் கார் பெருகி ரப்பருக்குத் தேவை உயர்ந்தபோது, புதிய தோட்டங்கள் ஏற்கெனவே சாலையும் ரயிலும் இருந்த நிலத்தைத் தேடி வந்தன. தோட்டம் இருந்த இடத்தில் தொழிலாளர் இருந்தார்கள். தொழிலாளர் இருந்த இடத்தில் கோயிலும் பள்ளியும் எழுந்தன. இன்று தேர்தல் காலத்தில் 'இந்தியர் அதிகமுள்ள தொகுதிகள்' என்று செய்தியில் வரும் பட்டியலுக்கும் 1880-களின் தண்டவாளங்களுக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு. இந்தத் தொடர்பைக் கண்டுபிடிக்கும் பயிற்சிதான் மானிடப் புவியியல்.

நம்மைப் பற்றிய புத்தகம் எழுதியவர் யார்?

மலாயா இந்தியர்களின் குடியேற்றத்தைப் பற்றி ஆய்வு செய்ய விரும்பும் எவரும் முதலில் புரட்ட வேண்டிய நூல் ஒன்று உண்டு. 1786 முதல் 1957 வரை இந்தியர்கள் இங்கே வந்ததையும் குடியமர்ந்ததையும் வரைபடங்களோடும் அட்டவணைகளோடும் விளக்கும் அந்த நூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 1969-இல் வெளியிட்டது. ஆசிரியர் கெர்னியல் சிங் சந்து. பின்னாளில் சிங்கப்பூரில் உள்ள தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்தின் இயக்குநராக நீண்ட காலம் இருந்தவர். அவர் வரலாற்று ஆசிரியர் என்றே பலரும் நினைக்கிறார்கள். அவர் புவியியலாளர்.

இது தற்செயல் அல்ல. எத்தனை பேர் வந்தார்கள், எந்தத் துறைமுகம் வழியாக வந்தார்கள், எந்த மாவட்டங்களிலிருந்து எந்த மாவட்டங்களுக்குப் போனார்கள் என்பவை புவியியலின் கேள்விகள். நம் சமூகத்தின் கதையைச் சொல்லும் பொறுப்பைப் பேச்சாளர்களிடமும் அரசியல்வாதிகளிடமும் மட்டும் விட்டுவிட்டோமோ என்று அந்த நூலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். அடுத்த அரை நூற்றாண்டின் கதையை அதே கவனத்தோடு எழுத யார் இருக்கிறார்கள்?

கோட்பாட்டோடு மல்லுக்கட்டுவோம்

இப்போது பாடத்துக்குள் போவோம். இடப்பெயர்வு என்ற தலைப்பில் இருவரைப் படிக்காமல் தப்ப முடியாது. பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஆராய்ந்து 1885-இல் இடப்பெயர்வு விதிகளை முன்வைத்த ரேவன்ஸ்டீன் ஒருவர். 1966-இல் அதை விரித்துச் சொன்ன எவரெட் லீ மற்றவர். லீ நான்கு காரணிகளைச் சொல்கிறார். புறப்படும் இடத்தில் உள்ள காரணிகள், சேரும் இடத்தில் உள்ள காரணிகள், இடையில் உள்ள தடைகள், தனிப்பட்ட காரணங்கள்.

இந்த நான்கையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி மனப்பாடம் செய்தால் தேர்வில் சில புள்ளிகள் கிடைக்கும். அதையே உங்கள் கொள்ளுத்தாத்தாவின் மேல் வைத்துப் பாருங்கள். ஊரில் பஞ்சம், சொந்த நிலமின்மை, கடன். இங்கே கூலி வேலை. இடையில் கடலும் கப்பல் கட்டணமும். கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்த்ததும், 1907-இல் அமைக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி பயணச் செலவை ஏற்றதும் அந்தத் தடையைத் தாழ்த்தின. 1938-இல் உதவி பெற்றுத் தொழிலாளர் வருவதை இந்திய அரசாங்கம் தடை செய்தபோது அதே தடை மீண்டும் உயர்ந்தது. லீயின் கோட்பாடு கச்சிதமாகப் பொருந்துகிறது.

அடுத்ததாக உங்கள் தாத்தா பாட்டி தோட்டத்திலிருந்து வெளியேறியதை எடுத்துக்கொள்ளுங்கள். "தோட்டத்தில் குறைந்த சம்பளம், நகரத்தில் தொழிற்சாலை வேலை" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். மாணவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அது முழு உண்மையா? 1950-களில் பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. 1951 முதல் 1960 வரை நடந்த அந்தத் துண்டாடலை உங்கு அஜீஸ் தனி ஆய்வாகவே செய்தார். தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நேரத்தில் இழந்தார்கள், ஏனென்றால் லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. அதற்கு விடையாகத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஒரே பரப்பளவுக்குச் செம்பனைக்கு வேண்டிய ஆட்கள் குறைவு. அதற்கும் பிறகு வீடமைப்புத் திட்டங்கள் வந்தன.

இங்கே லீயின் கோட்பாடு தடுமாறுகிறது. இரண்டு இடங்களையும் எடைபோட்டு முடிவெடுக்கும் ஒரு மனிதரை அது கற்பனை செய்கிறது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கிய குடும்பம் எதை எடைபோட்டது? 'இடம்பெயர்ந்தார்கள்' என்பதற்கும் 'இடம்பெயர்க்கப்பட்டார்கள்' என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு வெறும் இலக்கணமல்ல. அந்த வேறுபாட்டைச் சான்றோடு எழுதத் தெரிந்த மாணவர்தான் உயர்நிலைப் புவியியலைப் படித்தவர். கோட்பாட்டை ஒப்பிப்பது படிவம் மூன்றின் வேலை. கோட்பாட்டை நம் மண்ணில் வைத்துச் சோதிப்பதே ஆறாம் படிவத்தின் வேலை.

நகர அமைப்புக் கோட்பாடுகளுக்கும் இது பொருந்தும். பர்கஸ் 1925-இல் சிகாகோ நகரைக் கண்டு வரைந்த வட்ட மாதிரியில், ஏழைகள் நகர மையத்தை ஒட்டி வாழ்கிறார்கள், வசதி படைத்தவர்கள் வெளி வட்டத்தில் இருக்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கை அப்படியே அந்த வட்டங்களுக்குள் அடைக்க முடியுமா? குறைந்த வருமானக் குடும்பங்கள் பல, மலிவான வாடகையைத் தேடி வெளிப்புறத்துக்குப் போய், விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் நகரத்துக்கு வேலைக்கு வருகின்றன. மேலைநாட்டு மாதிரிகள் இந்த வட்டார நகரங்களுக்கு அப்படியே பொருந்தா என்பதை டெரி மெக்கீ 1967-இல் தென்கிழக்காசிய நகரங்களைப் பற்றிய தம் நூலில் காட்டினார். கிராமமும் நகரமும் கலந்த வட்டாரங்களுக்கு அவர் பின்னாளில் சூட்டிய பெயர் 'டேசாகோத்தா'. மலாய், இந்தோனேசிய மொழிச் சொற்களான டேசாவும் கோத்தாவும் இன்று உலகெங்கும் புவியியல் நூல்களில் இருக்கின்றன. நம் வட்டாரம் கோட்பாடுகளை வாங்கிக்கொள்வதோடு நிற்பதில்லை, கொடுக்கவும் செய்கிறது.

எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

'மலேசிய இந்தியர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்' என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். 1957-இல் 11 விழுக்காடு, 2020 கணக்கெடுப்பில் குடிமக்களில் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த இரு எண்களையும் அருகருகே வைத்தால் பயம் வருவது இயல்பு.

புவியியல் மாணவர் அதே எண்களைப் பார்த்து மூன்று கேள்விகள் கேட்பார். முதலாவது, விகிதம் குறைந்ததா, எண்ணிக்கை குறைந்ததா? 1957-இல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்தவர்கள் 2020-இல் ஏறத்தாழ 20 லட்சம். எண்ணிக்கை பெருகியிருக்கிறது, மற்றவர்கள் அதைவிட வேகமாகப் பெருகியிருக்கிறார்கள். இரண்டாவது, ஒரே நிலப்பரப்பைத்தான் ஒப்பிடுகிறோமா? 1957-இன் எண் மலாயாவுக்குரியது. 2020-இன் எண் சபா, சரவாக் உட்பட முழு மலேசியாவுக்குரியது. அந்த இரு மாநிலங்களிலும் இந்தியர்கள் மிகக் குறைவு என்பதால் விகிதம் தானாகவே கொஞ்சம் இறங்கும். மூன்றாவது, எஞ்சிய சரிவுக்கு என்ன காரணம்? பிறப்பு விகிதம் குறைந்ததா, வெளிநாட்டுக்குப் போனவர்கள் அதிகமா? அங்கேதான் உண்மையான விவாதம் தொடங்குகிறது.

நகரமயமாதலும் அப்படித்தான். 1970-இல் மலேசியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே நகரங்களில் வாழ்ந்தார்கள். 2020-இல் நான்கில் மூன்று பங்கினர். எல்லாரும் பெட்டி படுக்கையோடு நகரத்துக்குப் போய்விட்டார்களா? 1970 முதல், குறைந்தது 10,000 பேர் வாழும் அரசிதழ்ப் பகுதியே நகர்ப்புறம் என்று கணக்கிடப்பட்டது. 1991 முதல், அதை ஒட்டி வளர்ந்த கட்டடப் பகுதிகளும் சேர்த்துக்கொள்ளப்பட்டன. ஆகவே, இருந்த இடத்திலேயே இருந்து நகரவாசி ஆனவர்களும் உண்டு. அவர்கள் நகரத்துக்குப் போகவில்லை, நகரம் அவர்களிடம் வந்தது. நகரம் வந்தபோது அவர்களுக்கு அதில் ஒரு வீடு கிடைத்ததா, இல்லையா என்பதே அடுத்த கேள்வி. அதை எந்த விழுக்காடும் சொல்லாது. நேரில் போய்த்தான் கேட்க வேண்டும்.

பள்ளி எங்கே, பிள்ளைகள் எங்கே?

நம் சமூகத்தில் உணர்ச்சி பொங்கப் பேசப்படும் ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500-க்குச் சற்று அதிகம். இவற்றில் கணிசமானவை 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட குறைந்த மாணவர் பள்ளிகள். இன்னொரு பக்கம், நகர்ப்புறத் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் இடம் போதவில்லை. மக்கள் பெயர்ந்துவிட்டார்கள், பள்ளிகள் பெயரவில்லை. இது அடிப்படையில் ஓர் இட அமைவுச் சிக்கல். அதாவது, நூற்றுக்கு நூறு புவியியல் சிக்கல்.

கிறிஸ்டாலர் 1933-இல் வகுத்த மைய இடக் கோட்பாட்டில் இரண்டு கருத்துகள் முக்கியம். ஒரு சேவை நிலைத்து நிற்கக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பது ஒன்று. அந்தச் சேவைக்காக மக்கள் எவ்வளவு தூரம் பயணம் செய்வார்கள் என்பது மற்றொன்று. தமிழ்ப்பள்ளிக்கு இதைப் பொருத்தினால் தெளிவான கேள்விகள் பிறக்கும். ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில் ஏழு வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் தமிழ்ப்பள்ளிக்குப் போகிறார்கள்? போகாதவர்களுக்குத் தடையாக இருப்பது தூரமா, பேருந்துக் கட்டணமா, பெற்றோரின் விருப்பமா? புதிதாக எழும் தாமான்கள் எந்தத் திசையில் போகின்றன? இந்தக் கேள்விகளுக்கு வரைபடத்தோடு விடை வைத்திருப்பவர் பேசினால் கூட்டத்தில் எல்லாரும் கேட்பார்கள். "நம் பள்ளி நம் உரிமை" என்பது உண்மைதான். ஆனால் பள்ளியை எந்த இடத்துக்கு மாற்றுவது என்ற கேள்விக்கு முழக்கத்தால் விடை சொல்ல முடியாது.

அதே வேளையில், கோட்பாட்டின் எல்லையையும் உணர வேண்டும். கிறிஸ்டாலரின் மாதிரி பள்ளியையும் மளிகைக் கடையையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறது. ஒரு சிற்றூரில் பள்ளி மூடப்பட்டால், இளம் குடும்பங்கள் அங்கே தங்கக் காரணமில்லாமல் போகும். அவர்கள் போனால் கோயில் திருவிழாவுக்கு ஆள் இருக்காது, பிறகு கடையும் போகும். குறைந்த மாணவர் எண்ணிக்கை என்பது ஊர் தேய்வதன் விளைவு மட்டுமல்ல, பள்ளியை மூடுவது ஊர் தேய்வதற்குக் காரணமும் ஆகலாம். மாணவர் இல்லாத இடத்துப் பள்ளியை மாணவர் உள்ள இடத்துக்கு மாற்றுவதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால், விட்டுப்போகும் ஊரில் எஞ்சியிருப்பவர்களின் கணக்கையும் எடுத்தாக வேண்டும். இரு பக்கத்தையும் எடைபோடும் பழக்கத்தை இந்தப் பாடம் தருகிறது.

வரைபடம் போடப்படும் மேசை

இதில் என்ன பணயம் என்று கேட்கலாம். தீபகற்ப மலேசியாவில் 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஒவ்வொரு மாநிலத்துக்கும் அமைப்புத் திட்டமும் ஒவ்வோர் ஊராட்சிப் பகுதிக்கும் உள்ளூர்த் திட்டமும் வரையப்படுகின்றன. எந்த நிலம் வீடமைப்புக்கு, எது தொழிற்பேட்டைக்கு, எது பள்ளிக்கு, எது வழிபாட்டுத் தலத்துக்கு, எது இடுகாட்டுக்கு என்பதையெல்லாம் அந்த உள்ளூர்த் திட்டத்தின் வண்ண வரைபடம் காட்டும். நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்குள் வரும் ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

அந்த நாள்களில் நகராண்மைக் கழகத்துக்குப் போய் வரைபடத்தைப் பார்த்து, நம் பகுதிக்கு என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்று படித்து, எழுத்து மூலம் கருத்துச் சொல்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? பத்தாண்டு கழித்துப் புல்டோசர் வந்து நிற்கும்போது கூடுகிறோம். அப்போது அழுகிறோம், ஊடகங்களை அழைக்கிறோம். முடிவோ வரைபடம் காட்சிக்கு வைக்கப்பட்ட நாளிலேயே பாதி எடுக்கப்பட்டுவிட்டது. கோயில் நிலம், தோட்டப்பள்ளி நிலம், குறைந்த விலை வீடு என்று நாம் பின்னால் போராடும் விஷயங்கள் பலவும் முன்னால் ஒரு வரைபடத்தில் கோடாக இருந்தவை. அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒவ்வொரு தாமானிலும் ஒருவர் இருந்தால் போதும்.

வெள்ளமும் இதே பாடத்தைச் சொல்கிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது, எவ்வளவு மழை பெய்தது என்று கேட்டது பௌதிகப் புவியியல். தாழ்வான அந்த நிலத்தில் யார் வாழ்கிறார்கள், அங்கே வீடு வாங்க அவர்களை எது கொண்டுவந்தது என்று கேட்பது மானிடப் புவியியல். முதல் கேள்விக்கு மட்டும் விடை தெரிந்தால் அடுத்த மழைக்கும் அதே மக்கள்தான் கூரை மேல் நிற்பார்கள். 2021 டிசம்பர் முதல் 18 வயதிலேயே வாக்காளராகிவிடுகிறீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆறாம் படிவ மாணவர்களில் பலர் ஏற்கெனவே வாக்காளர்கள். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் உள்ளூர்த் திட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர் பதிலிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

எப்படிப் படிப்பது?

இந்தப் பாடம் சுலபம் என்று நான் சொல்லமாட்டேன். எஸ்.டி.பி.எம். புவியியலில் நீண்ட கட்டுரைகளை மலாய் மொழியில் எழுத வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த மாணவர்களுக்குச் சிந்தனை இருந்தும் சொல் வராமல் தவிக்கும் நிலை உண்டு. அட்டவணையையும் வரைபடத்தையும் பார்த்து விளக்கம் எழுதப் பயிற்சி வேண்டும். டியூஷன் குறிப்புகளை நம்பி, எல்லாக் கேள்விக்கும் ஒரே எடுத்துக்காட்டை எழுதுகிறவர்கள் நல்ல தேர்ச்சி பெறுவதில்லை.

என் அனுபவத்தில் பயன் தந்த சில வழிகள் உண்டு. ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் சொந்த ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைத் தயார் செய்யுங்கள். ஊர்ப்பெயர், ஆண்டு, காரணம், விளைவு என நான்கு வரி போதும். புள்ளிவிவரத் துறையின் இணையத்தளத்தில் மாவட்ட வாரியான மக்கள்தொகை இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் மாவட்டத்தின் எண்களை எடுத்து நீங்களே ஒரு வயதுக் கூம்பு வரையுங்கள். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி நகர்த்தி, உங்கள் தாமான் எந்த ஆண்டு செம்பனைக் காடாக இருந்தது என்று பாருங்கள். இடுபணிக்குத் தலைப்புத் தேடும்போது இணையத்தில் கிடைக்கும் பழைய தலைப்பை நகல் எடுக்காதீர்கள். பக்கத்துப் பாசார் மாலாமுக்கு மக்கள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள் என்று ஐம்பது பேரிடம் கேட்டால் அதுவே ஓர் ஆய்வு. கட்டுரையை முதலில் தமிழில் திட்டமிட்டுப் பிறகு மலாயில் எழுதுவதிலும் தவறில்லை.

மிக முக்கியமாக, பாட்டியிடம் பேசுங்கள். எந்தத் தோட்டம், எத்தனை லயம், எந்த ஆண்டு வெளியேறினீர்கள், யார் சொல்லி வந்தீர்கள், அடுத்து எங்கே தங்கினீர்கள் என்று கேட்டு, வந்த வழியை ஒரு வரைபடத்தில் கோடிடுங்கள். இந்தத் தகவல் எந்தப் பாடநூலிலும் இல்லை. அவர் போன பிறகு எங்குமே இருக்காது.

வேலையைப் பற்றிப் பெற்றோர் கேட்ட கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய தேசியப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் புவியியல் பயிலலாம். நகரத் திட்டமிடல், புவியியல் தகவல் முறைமை, சுற்றுச்சூழல், பேரிடர் மேலாண்மை, போக்குவரத்து, சொத்துச் சந்தை, ஆசிரியத் தொழில் என வழிகள் பல. ஒரு புதிய கிளையை எங்கே திறப்பது என்று முடிவு செய்யும் வங்கிக்கும், உணவு கொண்டுபோய்ச் சேர்க்கும் செயலியை நடத்தும் நிறுவனத்துக்கும்கூட இடத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மருத்துவம் அளவுக்கு உறுதியான பாதை இது என்று சொல்லி யாரையும் ஏமாற்ற நான் விரும்பவில்லை. ஆனால் 'படித்துப் பயனில்லை' என்பது தெரியாமல் சொல்லப்படும் வார்த்தை.

பாடத் தேர்வுப் பாரத்தோடு நிற்கும் மாணவர்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். வீடு திரும்பும் வழியில் உங்கள் சாலையின் பெயர், தாமானின் பெயர், பள்ளியின் பெயர் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்கள் எப்படி வந்தன, அதற்கு முன் அந்த நிலத்தில் யார் இருந்தார்கள், இப்போது அவர்கள் எங்கே என்று வீட்டில் உள்ளவர்களிடம் கேளுங்கள். மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் பிறந்தால், நான்காவது பாடம் எது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.